உங்களுக்குத் தெரியுமா? டிவிக்குப் பின்னால் ஒரு மர்மப் பெட்டி!

உங்கள் வீட்டில் ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர் எது தெரியுமா? டிவிக்குப் பின்னால் தூசி படிந்து, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு கிடக்கிறதே, அந்த வைஃபை ரவுட்டர்தான்!

அதற்குள் பிராசசர் உண்டு. ரேம் உண்டு. ஃபர்ம்வேர் என்ற பெயரில் முழு ஆபரேட்டிங் சிஸ்டமே உண்டு. போனுக்கு வருவது மாதிரி அதற்கும் அப்டேட் வரும். யார் போடுகிறார்கள்?

2018-ல் பிரிட்டனில் பிராட்பேண்ட் ஜீனி என்ற இணையதளம் 2,205 பேரிடம் கேட்டுப் பார்த்தது. 'ஒரு தடவைகூட ஃபர்ம்வேர் அப்டேட் செய்ததே இல்லை' என்றவர்கள் 86 சதவீதம்!

ஆறு வருஷம் கழித்து, 2024-ல் மறுபடியும் கேட்டார்கள். இடையில் எத்தனை ஹேக்கிங் செய்தி! ஜனங்கள் உஷாராகியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? 89 சதவீதம்!

நம்ம ஊரில் வந்து கேட்டால் எவ்வளவு வரும்? நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

சரி, கண்டுபிடிப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறேன். பிடித்துக்கொள்ளுங்கள்!

ரவுட்டர் உலகின் சூப்பர் ஸ்டார் யார்? லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி! நீலமும் கறுப்புமாக, இரண்டு கொம்பு ஆன்டெனாவோடு 2002 டிசம்பரில் பிறந்தது. அதன் மொத்த ஃபிளாஷ் மெமரி 4 எம்பி. இன்று உங்கள் போனில் ஒரு போட்டோவே அதைத் தாண்டும்!

2003-ல் ஒருவர் அதன் ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது லினக்ஸ்! இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை வைத்துப் பெட்டி விற்றால் அதன் சோர்ஸ் கோடையும் கொடுத்தாக வேண்டும். லைசன்ஸ் அப்படி! லிங்க்சிஸ் கொடுக்கவில்லை.

அதே 2003-ல்தான் சிஸ்கோ அந்த லிங்க்சிஸை விலைக்கு வாங்கியது. விலை 50 கோடி டாலர். கூடவே இந்தத் தலைவலியும் வந்து சேர்ந்தது!

கடைசியில் கோடு வெளியே வந்தது. அதிலிருந்து ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. டிடி-டபிள்யூஆர்டி பிறந்தது. டொமேட்டோ பிறந்தது. ஆமாம், ஒரு ரவுட்டர் ஃபர்ம்வேரின் பெயரே தக்காளி!

இவற்றை ஏற்றினால் என்ன ஆகும்? டிடி-டபிள்யூஆர்டியில் சிக்னல் சக்தியை 28 மில்லிவாட்டிலிருந்து 251 மில்லிவாட் வரை ஏற்றலாம். அதே பெட்டி, அதே சிப்!

ஓபன்டபிள்யூஆர்டிக்காரர்கள் தங்கள் பழைய வெர்ஷன்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? வைட் ரஷ்யன், காமிகாஸே, பேக்ஃபயர்... எல்லாமே மதுக் கலவைகள்! ரவுட்டருக்குள் லாகின் செய்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் காக்டெயிலின் செய்முறை. எத்தனை அவுன்ஸ் வோட்கா என்பது உட்பட!

2005-ல் லிங்க்சிஸ் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தது. அதே மாடலின் ஐந்தாம் வெர்ஷனில் மெமரியைப் பாதியாக வெட்டியது. லினக்ஸைத் தூக்கிவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டது.

இங்கேதான் இந்த வாரத்தின் சூப்பர் தகவல். அதே விஎக்ஸ்வொர்க்ஸ் அப்போது வேறு எங்கே ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? செவ்வாய்க் கிரகத்தில்! நாசாவின் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி என்ற இரண்டு ரோவர்களுக்கும் அதுதான் மூளை!

ஸ்பிரிட் இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஃபிளாஷ் மெமரியில் ஃபைல்கள் நிரம்பி வழிய, தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகத் தொடங்கியது. எத்தனை தடவை? 60-க்கும் மேல்! பூமியிலிருந்தே கட்டளை அனுப்பி மெமரியைச் சுத்தம் செய்து எழுப்பினார்கள்.

உங்கள் வீட்டு ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தால் கவலைப்படாதீர்கள். செவ்வாயிலும் அதே கதைதான்!

மெமரியைப் பாதியாக வெட்டியதும் ரசிகர்கள் சும்மா இருந்தார்களா? கொந்தளித்தார்கள்! லிங்க்சிஸ் உடனே பழைய மெமரியோடு தனியாக ஒரு மாடல் விட்டது. பெயர் டபிள்யூஆர்டி54ஜிஎல். கடைசி 'எல்' லினக்ஸுக்காக! 2005-ல் வந்த அந்தப் பெட்டி 2016-லும் விற்றுக்கொண்டிருந்தது. கம்பெனிக்குப் பல லட்சம் டாலர் வருமானம்!

வெட்டப்பட்ட அந்த 2 எம்பி மாடலையும் விடவில்லை, பாவிகள். டிடி-டபிள்யூஆர்டியில் 'மைக்ரோ' என்று ஒன்றைத் தயாரித்து அதற்குள்ளும் லினக்ஸைத் திணித்துவிட்டார்கள்!

லினக்ஸ் லைசன்ஸை மதிக்காத கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்து ஜெயித்த முதல் ஆட்கள் ஜெர்மானியர்கள். ஆண்டு 2004, இடம் மியூனிக். தடை விதிக்கப்பட்ட பொருள்? வேறென்ன, ஒரு வைஃபை ரவுட்டர்!

*

ஒரு ஃபர்ம்வேர் தப்பு ஒரு பல்கலைக்கழகத்தையே திணற வைத்த கதை தெரியுமா?

மே 2003. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மேடிசன். அங்கே மணி காட்டும் சர்வர் ஒன்று உண்டு. யார் கேட்டாலும் சரியான நேரம் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

திடீரென்று உலகமே அதனிடம் மணி கேட்க ஆரம்பித்தது! வெள்ளம் ஏறிக்கொண்டே போனது. உச்சத்தில் நொடிக்கு 2,50,000 கேள்விகள்!

தாக்குதல்தான் என்று நினைத்தார்கள். நெட்வொர்க் இன்ஜினீயர் டேவ் ப்ளோன்கா துப்பறிந்தார். பிடிபட்டது யார்? நெட்கியர் கம்பெனியின் வீட்டு ரவுட்டர்கள்!

ஃபர்ம்வேரில் அந்த ஒரே ஒரு சர்வரின் முகவரியை அப்படியே பதித்துவிட்டார்கள். பதில் வரவில்லையென்றால் நொடிக்கு ஒரு தடவை மறுபடி கேள் என்றும் எழுதிவிட்டார்கள். அப்படித் தயாரான பெட்டிகள் எத்தனை? 7 லட்சத்துக்கும் மேல்!

திருத்தின ஃபர்ம்வேர் வந்தது. ஆனால் அதைப் போட வேண்டியது யார்? 7 லட்சம் வீட்டுக்காரர்கள்! நடக்கிற காரியமா?

நெட்கியர் கடைசியில் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த தொகை 3,75,000 டாலர். மணி கேட்டதற்கு இவ்வளவு விலை உலகத்தில் யாரும் கொடுத்ததில்லை என்று நான் பந்தயமே கட்டுவேன்!

அதே 2003-ல் பெல்கின் ரவுட்டர்கள் செய்த வேலை இன்னும் ஜோர். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நீங்கள் திறக்கப் போன இணையப் பக்கத்துக்குப் பதிலாக பெல்கினின் சொந்த விளம்பரத்தைக் காட்டின! ஜனங்கள் பிடித்துத் திட்டியதும், விளம்பரத்தை எடுக்க ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் விட்டார்கள்!

அக்டோபர் 2014. மறுபடியும் பெல்கின்! 'இன்டர்நெட் இருக்கிறதா?' என்று பார்க்க, அந்த ரவுட்டர்கள் பெல்கினின் ஒரு சர்வரைத் தட்டிப் பார்க்கும். அன்று அந்த சர்வர் படுத்துவிட்டது. உலகத்தில் இன்டர்நெட்டே இல்லை என்று முடிவு கட்டி, நல்ல கனெக்ஷன் இருந்த வீடுகளிலும் நெட்டை நிறுத்திவிட்டன!

2012-ல் சிஸ்கோ தன் சில ரவுட்டர்களுக்கு யாரையும் கேட்காமல் அப்டேட் அனுப்பியது. மறுநாள் சொந்த ரவுட்டரின் செட்டிங்குக்குள் போகவே சிஸ்கோவிடம் அக்கவுன்ட் திறக்க வேண்டும்! விதிமுறையில் ஆபாசப் படம் பார்க்கத் தடையும் இருந்தது. ஒரே ரகளை. பின்வாங்கியது சிஸ்கோ!

உங்கள் ரவுட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர். மாடல் நம்பர், வைஃபை பாஸ்வேர்ட், கூடவே செட்டிங் பக்கத்துக்கு ஒரு முகவரி. டிபி-லிங்க் தன் ஸ்டிக்கர்களில் இப்படி அச்சடித்த ஓர் இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது! 2016-ல் வேறு யாரோ அதைப் பிடித்துக்கொண்டு விற்பனைக்கு வைத்தார்கள். கேட்ட விலை 25 லட்சம் டாலர்!

*

டி-லிங்க் ரவுட்டர் ஒன்றின் ஃபர்ம்வேரை 2013-ல் ஒரு நிபுணர் பிரித்து மேய்ந்தார். உளறலாக ஓர் எழுத்துக் கோவை கிடைத்தது. உங்கள் பிரவுசர் தன் பெயராக அதைச் சொன்னால் போதும், ரவுட்டர் பாஸ்வேர்டே கேட்காது!

அந்த உளறலைக் கடைசியிலிருந்து படித்தார்கள். வந்தது என்ன தெரியுமா? 'எடிட் பை 04882 ஜோயல் பேக்டோர்'! திருட்டு வழியை வைத்தவர் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்!

வைஃபைக்கு 8 இலக்க பின் நம்பர் போட்டுச் சேரும் வசதி இருக்கிறதே, டபிள்யூபிஎஸ்? 8 இலக்கம் என்றால் 10 கோடி சாத்தியம். யாரால் உடைக்க முடியும்? 2011-ல் ஸ்டெஃபான் வீபோக் கணக்குப் போட்டுக் காட்டினார். ரவுட்டர் அந்த நம்பரை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியாகச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்தே வந்துவிடும். ஆக, தேவைப்படும் முயற்சி 11,000 மட்டுமே!

அசூஸ் கதை கேட்டால் தலை சுற்றும். 'புது அப்டேட் இருக்கிறதா?' என்று பார்க்க ரவுட்டரில் ஒரு பட்டன். அழுத்தினால் 'உங்களிடம் இருப்பதே லேட்டஸ்ட்' என்று பல நேரம் பதில் வரும். ஆனால் புது அப்டேட் வெளியாகி உட்கார்ந்திருக்கும்! சொல்வது நான் இல்லை, அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன்!

2014-ல் ஹேக்கர்கள் உள்ளே புகுந்தார்கள். ரவுட்டரில் செருகியிருந்த ஹார்டு டிஸ்குகளில், 'உங்கள் ஃபைல்களை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். கமிஷன் கணக்கில் 12,900-க்கும் மேற்பட்டவர்களின் டிஸ்குகள் திறந்து கிடந்தன. 2016-ல் வந்த உத்தரவு: அசூஸ் 20 வருஷத்துக்கு வெளியாள் தணிக்கைக்கு உட்பட வேண்டும்!

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே அதிர்ச்சி நம்பர் ஒன் அடுத்ததுதான்.

ரவுட்டர்களுக்குள் ரோம்பேஜர் என்று ஒரு குட்டி மென்பொருள். 2002-ல் எழுதிய கோடில் ஓர் ஓட்டை. 2005-லேயே அதைத் தயாரித்த கம்பெனி அடைத்துவிட்டது. கதை முடிந்ததா?

2014 டிசம்பரில் செக் பாயின்ட் நிறுவனம் இன்டர்நெட்டை அலசியது. அதே ஓட்டையோடு ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் 1.2 கோடி! நாடுகள் 189! மருந்து வந்து ஒன்பது வருஷம் கழித்து!

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம் 2020-ல் 127 ரவுட்டர்களைச் சோதித்தது. ஓட்டையே இல்லாத ரவுட்டர் எத்தனை? ஒன்றுகூட இல்லை! ஒரு வருஷமாகப் பாதுகாப்பு அப்டேட்டே வராதவை 46. சிலவற்றுக்கு ஐந்து வருஷம் தாண்டியும் எதுவும் வரவில்லை!

பிரேசிலில் 2011-லிருந்து 2012 வரை நடந்தது மகா கொள்ளை. 45 லட்சம் மோடம்களுக்குள் புகுந்து, இணைய முகவரி காட்டும் செட்டிங்கைத் திருப்பிவிட்டார்கள். பேங்க் பக்கம் என்று நம்பித் திறந்தவர்கள் போலிப் பக்கத்தில் போய் நின்றார்கள். கம்ப்யூட்டரில் வைரஸே இல்லை. ஆன்டிவைரஸ் என்ன செய்யும், பாவம்!

*

அக்டோபர் 21, 2016. ட்விட்டர் இல்லை, நெட்ஃபிளிக்ஸ் இல்லை, ஸ்பாட்டிஃபை இல்லை! அமெரிக்காவில் பாதி இணையம் இருண்டது. செய்தது மிராய் என்ற வைரஸ். அதன் ஆயுதம்? 'அட்மின்', '12345' மாதிரி 60 சொச்சம் ஃபேக்டரி பாஸ்வேர்டுகள் கொண்ட ஒரே ஒரு பட்டியல்!

மிராயை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். உலகத்தைக் கவிழ்க்கவா எழுதினார்கள்? மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களைக் கவிழ்க்க!

அடுத்த மாதமே ஜெர்மனி. நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை மதியம். டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் 9 லட்சம் பேருக்கு நெட் போச்சு. சிலருக்கு போனும் டிவியும் சேர்ந்தே போச்சு!

வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ரவுட்டர்களுக்குள் வைரஸ் நுழையவே இல்லை. அவற்றில் லினக்ஸ் கிடையாது. நுழைய முயன்ற தொல்லையிலேயே பெட்டி மயங்கி விழுந்தது!

கம்பெனி கொடுத்த வைத்தியம் இன்னும் வேடிக்கை. 'பிளக்கைப் பிடுங்குங்கள், கொஞ்ச நேரம் கழித்துச் செருகுங்கள்!' திரும்ப ஆன் ஆகும்போது புது ஃபர்ம்வேர் தானாக இறங்கியது. வாசலுக்கு யாரும் வரவில்லை!

ஆளைப் பிடித்தார்கள். லண்டன் அருகே லூட்டன் விமான நிலையம், 2017 பிப்ரவரி. 29 வயது பிரிட்டிஷ்காரர். ஏனப்பா ஜெர்மனியைத் தாக்கினாய்? அவர் குறி ஜெர்மனியே இல்லை! ஆப்பிரிக்காவில் லைபீரியாவின் ஒரு டெலிகாம் கம்பெனி, போட்டிக் கம்பெனியைக் கவிழ்க்க அவரைப் பிடித்ததாம். அதற்குப் படை திரட்டும்போது நடுவில் ஜெர்மனி விழுந்துவிட்டது. பேசிய கூலி 10,000 டாலர். தண்டனை ஒரு வருஷம் எட்டு மாதம், அதுவும் நிறுத்திவைப்பு!

2018 மே மாதம் எஃப்பிஐ உலகத்துக்கே ஒரு வேண்டுகோள் விட்டது. 'எல்லோரும் உங்கள் ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்!' காரணம் விபிஎன்ஃபில்டர் என்ற வைரஸ். பிடியில் 5 லட்சம் ரவுட்டர்கள், 54 நாடுகள்!

அந்த வைரஸ் தன் எஜமானின் முகவரியை எங்கே ஒளித்து வைத்திருந்தது தெரியுமா? போட்டோபக்கெட் தளத்தில் போட்ட சாதாரணப் படங்களுக்குள்! படம் எடுத்த இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் எண்கள் இருக்குமே, அதற்குள் சர்வர் முகவரி!

அக்டோபர் 25, 2023. அமெரிக்காவில் ஒரே இணையக் கம்பெனியின் ரவுட்டர்கள் சாக ஆரம்பித்தன. 72 மணி நேரத்தில் செத்த பெட்டிகள் 6 லட்சம்! அப்டேட் போட்டு எழுப்ப முடியவில்லை. ஃபர்ம்வேரே அழிந்துவிட்டது. பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று!

*

நல்ல வைரஸ் உண்டா? உண்டு!

வைஃபாட்ச் என்று ஒன்று. 2015-ல் சிமான்டெக் ஆராய்ந்தது. ரவுட்டருக்குள் பூட்டை உடைத்து நுழையும். உள்ளே இருக்கும் மற்ற வைரஸ்களை விரட்டும். கதவைச் சாத்தும். 'பாஸ்வேர்டை மாற்று, ஃபர்ம்வேரை அப்டேட் செய்' என்று வீட்டுக்காரருக்கு ஒரு குறிப்பும் வைக்கும்! இது அதிகம் பரவிய நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் முன்வரிசை!

2018-ல் ஒரு ரஷ்யர் ஊரார் மைக்ரோடிக் ரவுட்டர்களுக்குள் சொல்லாமல் புகுந்து ஓட்டையை அடைத்தார். ஒன்றா இரண்டா, 1,00,000-க்கும் மேல் என்கிறார்! தன்னைத் தொடர்புகொள்ள முகவரியும் விட்டுவைத்தார். தொடர்புகொண்டவர்கள் சுமார் 50 பேர். அதிலும் பாதிக்கு மேல் கோபம்!

கெட்டதிலும் ஒரு 'நல்லவர்' உண்டு. பிரிக்கர்பாட் என்ற ரவுட்டர்கொல்லி வைரஸை எழுதியவர்! ஓட்டை ரவுட்டர் வைரஸ் கையில் சிக்குவதைவிடச் சாவதே மேல் என்பது அவர் கொள்கை. 2017 முடிவில் அவரே சொன்ன கொலைக் கணக்கு 1 கோடிக்கும் மேல்!

அந்த அலை நம் நாட்டுக்கும் வந்தது. ஜூலை 2017-ல் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் மோடம்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. எண்ணிக்கை 60,000-க்கும் மேல். விழுந்தவற்றில் மாற்றாத பாஸ்வேர்டே கதவைத் திறந்துவிட்டது!

சட்டப்படி சொந்த மக்களின் பெட்டிகளை ஹேக் செய்து பார்த்த அரசாங்கம் எது? ஜப்பான்! பிப்ரவரி 2019-ல் தொடங்கியது. நாட்டின் சுமார் 20 கோடி இணைய முகவரிகளைத் தட்டிப் பார்த்து, எளிதான பாஸ்வேர்ட் உள்ள வீடுகளுக்குத் தகவல் அனுப்பியது!

பிரிட்டனில் ஏப்ரல் 29, 2024 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே 'அட்மின்' பாஸ்வேர்ட் போட்டு விற்பது சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியா 2020-லேயே முந்திக்கொண்டது!

தயாரிப்பாளர் கைகழுவிய பழைய ரவுட்டர்களுக்கு மார்க்கெட் இல்லை என்று யார் சொன்னது? அவற்றைக் கைப்பற்றி, 'உன் அடையாளத்தை மறைத்துக்கொள்ள அடுத்தவன் வீட்டு நெட் வாடகைக்கு' என்று ஒரு கும்பல் கடை நடத்தியது. மாதம் 9.95 டாலர் முதல்! 2025 மே மாதம் எஃப்பிஐ மூடியது. கும்பல் சம்பாதித்தது 4.6 கோடி டாலர். கடை நடந்த காலம் 20 வருஷம்!

*

இனி அப்டேட் போடும் வேலைக்கே வருவோம். இங்கேயும் ஆச்சரியம் குறைவில்லை!

ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்? பழைய மாடல்களில் பெட்டி காலி! பழையது பாதி அழிந்திருக்கும், புதியது பாதிதான் ஏறியிருக்கும். உலகம் முழுக்க இதைச் சொல்லும் விதம்: 'செங்கல் ஆகிவிட்டது!'

செங்கல்லுக்கு உயிர் கொடுக்க டிடி-டபிள்யூஆர்டி ஆட்கள் ஒரு மந்திரம் வைத்திருந்தார்கள். பெயர் 30-30-30. பெட்டிக்குப் பின்னால் 'ரீசெட்' என்று ஒரு பொடித் துளை இருக்கும். ஊக்கை நீட்டி உள்ளே விட்டு அழுத்துங்கள். 30 நொடி. விரலை எடுக்காமல் பவர் வயரைப் பிடுங்குங்கள். இன்னொரு 30 நொடி. அப்போதும் விரலை எடுக்காமல் வயரைச் செருகுங்கள். கடைசி 30. விரல் மரத்துப்போகும். பல பெட்டிகள் பிழைத்துக்கொண்டன! எல்லா மாடலுக்கும் இது ஆகாது, சொல்லிவிட்டேன்.

2014-ல் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி1900ஏசி மாடலில் ஃபர்ம்வேர் இரண்டு பிரதி! ஒன்று கெட்டால் இன்னொன்று. மாற்றுவது எப்படி? ஆன் ஆகும்போதே ஆஃப் செய்யுங்கள். மூன்று தடவை. அதுவே புரிந்துகொண்டு அடுத்த பிரதிக்குத் தாவும்!

ஓபன்டபிள்யூஆர்டி தன் 20-ம் பிறந்தநாளுக்குச் சொந்தமாகவே ஒரு ரவுட்டர் அறிவித்தது. 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. இரண்டு தனித்தனி மெமரி சிப், நடுவே கையால் தள்ளும் சுவிட்ச். எவ்வளவு முட்டாள்தனம் செய்தாலும் செங்கல் ஆகாது என்பதே விளம்பரம். விலை 89 டாலர்!

நீங்கள் தூங்கும்போதே உங்கள் ரவுட்டருக்கு அப்டேட் போட இணையக் கம்பெனியால் முடியும்! டிஆர்-069 என்ற ஏற்பாடு. 2004-லேயே வந்துவிட்டது. அது வழக்கமாகக் காது வைத்திருக்கும் கதவு எண் 7547. ஜெர்மனியில் 9 லட்சம் பெட்டிகள் மயங்கியதும் அதே கதவில்தான்!

தானாக வருவது எப்போதும் நல்லதா? மே 2023-ல் அசூஸ் ஒரு சின்ன ஃபைலைத் தப்பாக அனுப்பியது. உலகம் முழுக்க அதன் ரவுட்டர்களில் மெமரி நிரம்பி நெட் நின்றது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது!

அப்டேட் போட்டும் போகாத பேய் உண்டா? 2025-ல் கண்டுபிடித்தார்கள். சுமார் 9,000 அசூஸ் ரவுட்டர்களில் ஹேக்கர்கள் திருட்டு வழியை வைத்தது ஃபர்ம்வேரில் இல்லை, செட்டிங் சேமிக்கும் இடத்தில்! புது ஃபர்ம்வேர் ஏறினாலும் அது அப்படியே இருக்கும். முழுசாக ஃபேக்டரி ரீசெட் செய்தால்தான் தொலையும்!

தூரத்திலிருந்து அப்டேட் போட்டதில் உலகச் சாம்பியன் யார்? நாசாவின் விண்கலம் வாயேஜர்-1! 1977-ல் கிளம்பியது. 2023 நவம்பரில் உளற ஆரம்பித்தது. ஒரு மெமரி சிப் போச்சு. நாசா ஆட்கள் கோடைத் துண்டு துண்டாக வெட்டி வேறு இடங்களில் பொருத்தி, ஏப்ரல் 18, 2024 அன்று அனுப்பினார்கள். தூரம் 2,400 கோடி கிலோமீட்டர். கட்டளை போய்ச் சேர 22.5 மணி நேரம். பதில் வர இன்னொரு 22.5 மணி நேரம். ஏப்ரல் 20-ல் பேசியது வாயேஜர்!

உங்கள் ரவுட்டர் சோஃபாவிலிருந்து எத்தனை அடி?

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்துப் பாருங்கள். சில பெட்டிகளுக்கு 192.168.0.1. ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனால் 'ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்று ஒரு வரி. பக்கத்தில் தேதியும் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெட்டியில் எந்த வருஷம் என்று பார்த்து, ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள். எல்லோரிலும் பழைய வருஷம் யாருடையது என்று அடுத்த இதழில் போட்டு உடைக்கிறேன்! அப்படியே, அந்த ஸ்டிக்கரில் இருக்கும் பாஸ்வேர்டை மட்டும் அட்டையில் எழுதிவிடாதீர்கள்.